விறகு அறுக்கச் செயின் சா வாங்கப் போகிறீர்களா? சிசியை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

மண்ணடி, பிராட்வே பக்கம் போய் "விறகு அறுக்க மெஷின் வேணும்" என்று கேட்டால் எந்தக் கடையிலும் ஒரே கேள்விதான் வரும்: "எத்தனை சிசி?" நமக்குத் தெரியாது என்று முகத்தில் எழுதியிருக்கும். உடனே 52, 58, 62 என்று பெட்டிகளை அடுக்கிவிடுவார்கள். பெரிய எண் இருக்கிற பெட்டியே சின்ன எண் இருக்கிற நல்ல கம்பெனி மெஷினைவிட விலை குறைவாக இருக்கும். அங்கேதான் தலை சுற்ற ஆரம்பிக்கும்.

எங்களுக்குத் தண்டையார்பேட்டையில் விறகடுப்புச் சமையற்கூடம். கல்யாண ஆர்டர், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எல்லாம் விறகில்தான். விறகு விற்கிற தொட்டியில் துண்டு போடுகிற கூலி ஏறிக்கொண்டே போனதால் சொந்தமாக மெஷின் வாங்க இறங்கினோம். தமிழில் ஒழுங்காகச் சொல்ல ஆளில்லாமல் கடை கடையாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். மரம் வெட்டுகிற தொழிலாளிகளுக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதி. இது புதிதாக வாங்குகிறவர்களுக்கு.

1. கடைக்குப் போகும் முன் கட்டையை அளந்துகொள்ளுங்கள்

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு விறகுக் குவியலுக்குப் போங்கள். நீங்கள் அடிக்கடி அறுக்கப்போகிற கட்டையின் குறுக்களவு எத்தனை அங்குலம், வாரத்துக்கு எவ்வளவு விறகு, என்ன மரம். இந்த மூன்றும் தெரியாமல் சிசி பேசிப் பயனில்லை.

வடசென்னைக்கு வரும் விறகில் பெரும்பாலும் சவுக்கும் வேலிகாத்தானும்தான். பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்திலிருந்து வரும் சவுக்கு மூன்று முதல் ஆறு அங்குலம்தான் இருக்கும். ஆனால் கெட்டி. காய்ந்துவிட்டால் இன்னும் கெட்டி. வேலிகாத்தானும் அப்படித்தான், கோணல்மாணலாக வேறு இருக்கும். புளி, வேம்பு, தூங்குமூஞ்சி அடிமரம் என்றால் ஒன்றரை அடி, இரண்டு அடிகூட வரும். அதை எப்போதாவது ஒருமுறைதான் பார்ப்பீர்கள். எப்போதாவது வருகிற இரண்டடி மரத்துக்காகத் தினமும் ஏழு கிலோ மெஷினைத் தூக்கிக்கொண்டு சவுக்கு அறுப்பது வீண் வேலை. அந்த அடிமரத்தைத் தொட்டியிலேயே துண்டு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காசிமேட்டுப் பக்கம் உடைத்த பழைய படகுப் பலகை, பழைய வீடு இடித்த மரம் மலிவாகக் கிடைக்கும். உள்ளே ஆணி இருக்கும். ஒரு ஆணியில் பட்டாலே செயினின் பற்கள் போய்விடும், துண்டு தெறிக்கவும் செய்யும். அதோடு பெயிண்டும் தார் பூச்சும் உள்ள மரத்தைச் சமையல் அடுப்பில் வைக்கவே கூடாது. இந்த மாதிரி மரத்துக்கு மெஷினை எடுக்காதீர்கள்.

2. சிசி என்பது என்ன அளவு

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும்போது அது கடக்கிற இடத்தின் கொள்ளளவுதான் சிசி. கன சென்டிமீட்டர் கணக்கு. கையடக்க மெஷினில் ஒரே ஒரு சிலிண்டர்தான், அதனால் கணக்கு சுலபம். சிலிண்டரின் உள்விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, பிஸ்டன் ஓடுகிற தூரத்தாலும் பெருக்கினால் சிசி வந்துவிடும். உள்விட்டத்தைக் கடையில் போர் என்பார்கள், ஓடுகிற தூரத்தை ஸ்ட்ரோக் என்பார்கள். எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் போடுங்கள்.

ஸ்டில் என்கிற கம்பெனியின் எம்எஸ் 250 மாடலை எடுத்துக்கொள்வோம். போர் 42.5 மி.மீ., ஸ்ட்ரோக் 32 மி.மீ. 4.25 பெருக்கல் 4.25 பெருக்கல் 0.785 பெருக்கல் 3.2. வருவது 45.4 சிசி. கம்பெனி போட்டிருப்பதும் அதேதான்.

இப்போது இதே கணக்கை "58" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மலிவு மெஷினுக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் இருக்கிற விவரச் சீட்டில் போர் 45.2, ஸ்ட்ரோக் 34 என்று இருந்தால் வருவது 54.5 சிசி. பெட்டியில் இருக்கிற 58 வெறும் மாடல் எண்தான். "5800" என்று எழுதியிருப்பதாலேயே 58 சிசி ஆகிவிடாது. கடையிலேயே நின்று போனில் கால்குலேட்டரைத் தட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. போர், ஸ்ட்ரோக் இரண்டையும் சீட்டிலும் போடாமல், கேட்டாலும் சொல்லாமல் இருக்கிற மெஷினை அப்படியே வைத்துவிட்டு நகருங்கள்.

பைக் சிசியோடு இதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். "ஸ்பிளெண்டரே 97 சிசி, இது வெறும் 45 சிசியா" என்று எங்கள் மாஸ்டர் சிரித்தார். பைக்கில் இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். செயின் சாவில் இருப்பது டூ ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றிலும் எரியும். அதுவும் நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல்கூடப் போகும். சின்ன எஞ்சினிலிருந்து அவ்வளவு வேலை வாங்குவதால்தான் ஆயில் கலவையில் கொஞ்சம் பிசகினாலும் பிஸ்டன் சிராய்த்துவிடுகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

3. சிசிக்குப் பக்கத்தில் கிலோவாட்டைப் பாருங்கள்

சிசி இடத்தின் அளவு. மரத்தை அறுக்கிற பலம் கிலோவாட்டில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே போகும் என்று நினைக்கிறோம், பாதி வழிதான் சேர்ந்து போகும்.

ஸ்டில் கம்பெனியிலேயே எம்எஸ் 271, எம்எஸ் 261 என்று இரண்டு உண்டு. இரண்டும் 50.2 சிசி. முதலாவது 2.6 கிலோவாட், இரண்டாவது 3 கிலோவாட். ஒரே கொள்ளளவு, ஆனால் முதலாவது தோட்டம், பண்ணைக்காரர்களுக்கு, இரண்டாவது தினமும் மரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு. காற்றும் பெட்ரோலும் உள்ளே போய் வெளியே வருகிற வழியை எப்படி அமைத்திருக்கிறார்கள், எத்தனை சுற்றில் அதிகபட்ச பலம் வருகிறது என்பதில்தான் வித்தியாசம். விலையும் அதற்கேற்பத்தான்.

சிலர் எச்பி கணக்கில் பேசுவார்கள். ஒரு எச்பி ஏறத்தாழ 0.75 கிலோவாட். "4 எச்பி" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கிலோவாட்டில் 3 வர வேண்டும். உள்ளே சீட்டில் 2.2 என்று இருந்தால் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், சீட்டை நம்புங்கள்.

கூடவே எடையைப் பாருங்கள். பெட்டியில் போடுகிற எடையில் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளமான இரும்புப் பட்டை), செயின், பெட்ரோல் எதுவும் சேர்ந்திருக்காது. 4.6 கிலோ என்று போட்ட மெஷின் கையில் ஆறு கிலோவை நெருங்கும். கடையில் பாரை மாட்டச் சொல்லி, கையில் பிடித்துக் குனிந்து நின்று பாருங்கள். இடுப்பு உடனே சொல்லிவிடும்.

4. எந்த வேலைக்கு எத்தனை சிசி

30 முதல் 40 சிசி: பார் 12 முதல் 16 அங்குலம். கிளை, ஆறு அங்குலம் வரை சவுக்கு, வாரத்துக்கு ஒரு நாள், வீட்டு அடுப்பு, டீக்கடை அளவுக்குப் போதும். நாள் முழுக்க ஓட்டினால் திணறும்.

45 முதல் 52 சிசி: பார் 16 அல்லது 18 அங்குலம். ஓட்டல், சமையற்கூடம், முறுக்குக் கடை, இட்லி வியாபாரம் எல்லாவற்றுக்கும் நான் சொல்வது இந்த இடம்தான். பலம் 2.2 கிலோவாட்டுக்குக் குறையக் கூடாது. ஓரடி குறுக்களவுள்ள வேம்பும் அறுக்கும், சவுக்குக் கட்டு அறுக்கும்போது கையும் வலிக்காது.

60 முதல் 72 சிசி: பார் 20 அங்குலத்துக்கு மேல். இது விறகுத் தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கும், புயலில் விழுந்த பெரிய மரங்களை ஒப்பந்தம் எடுத்து அறுக்கிறவர்களுக்கும். புதுசாகக் கையில் எடுக்கிற ஆளுக்கு இது வேண்டாம். பலம் அதிகமான மெஷின் கை தவறினால் செய்கிற சேதமும் அதிகம்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. மலிவு மெஷின்களில் 22 அங்குலப் பாரை மாட்டி விற்பார்கள், பார்க்கக் கம்பீரமாக இருக்கும். பார் நீளமானால் ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருக்கிற பற்கள் அதிகம், அத்தனையையும் இழுக்கிற திராணி எஞ்சினுக்கு வேண்டும். 50 சொச்சம் சிசியில் 22 அங்குலத்தை முழுசாகக் கெட்டி மரத்தில் புதைத்தால் எஞ்சின் முக்கும், கிளட்ச் சூடேறும். கட்டையின் குறுக்களவைவிட இரண்டு அங்குலம் நீளமான பார் போதும். அதைவிடப் பெரிய கட்டை வந்தால் இரண்டு பக்கமிருந்தும் அறுத்துக்கொள்ளலாம். "18 அங்குலப் பார் போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

இன்னொன்று, இந்த மெஷின்கள் கட்டையைக் குறுக்கே துண்டு போடத்தான். நீளவாக்கில் பிளக்க முயன்றால் நார் நாராக வந்து, செயினை இழுக்கிற பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். ஒன்றரை அடித் துண்டாக மெஷினில் போட்டு, அப்புறம் கோடாலியால் பிளப்பதே வேகம்.

5. செயினுக்கு மூன்று எண்கள்

செயின் தேய்ந்து புதுசு வாங்கப் போகும்போது "18 இஞ்ச் செயின் குடுங்க" என்று கேட்டால் பொருந்தாத செயினோடு வீடு வந்து சேர்வீர்கள். மூன்று எண் வேண்டும்.

முதலாவது பிட்ச். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதி. 0.325 அங்குலம், எட்டில் மூன்று அங்குலம் என்று வரும். இரண்டாவது கேஜ், பாரின் பள்ளத்தில் ஓடுகிற லிங்க்கின் கனம்: 0.050, 0.058, 0.063 அங்குலம். மூன்றாவது அந்த லிங்க்குகளின் எண்ணிக்கை. மலிவு மெஷின்களின் 20 அங்குலப் பாருக்கு வழக்கமாக 76, 22 அங்குலத்துக்கு 86. பாரின் அடியில், மெஷினோடு சேருகிற இடத்தில் இவை பொடி எழுத்தில் குத்தியிருக்கும். கரி படிந்து மறைந்துபோவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் வாங்குகிற அன்றே இரண்டாவது செயினையும் வாங்கிவிடுங்கள். ஒன்று மழுங்கினால் மாற்றிப் போட்டு வேலையை முடித்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து அரம் போடலாம்.

6. பெட்ரோலா, கரண்டா

விறகு உங்கள் வாசலுக்கே வந்து இறங்குகிறது, பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறது என்றால் கரண்ட் மெஷினை ஒருமுறை யோசியுங்கள். சிசி, ஆயில் கலவை, கார்புரேட்டர் எந்தத் தலைவலியும் இல்லை. ராயபுரம், வண்ணாரப்பேட்டை மாதிரி வீடுகள் ஒட்டி இருக்கிற தெருவில் சத்தமும் புகையும் குறைவாக இருப்பது பெரிய விஷயம். 2000 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும், அதனால் சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் போடக் கூடாது. 15 ஆம்பியர் பிளக்கும், 2.5 சதுர மி.மீ. வயர் போட்ட எக்ஸ்டென்ஷனும் வேண்டும். மெல்லிய வயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் கருகிவிடும். சமையற்கூடத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும் என்பதால் லைனில் இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற கருவி) இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

பேட்டரி மெஷின் கிளைகளுக்கு நன்றாக இருக்கிறது. சவுக்குக் குவியலுக்குப் பேட்டரி வாங்கியே மாளாது.

7. கடையில் கேட்க வேண்டியவை, வாங்க வேண்டிய காகிதங்கள்

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், மண்ணடியில் பாதிக் கடை பூட்டியிருக்கும். கிழமை நாளில் காலையில் போனால் கூட்டம் சேருவதற்குள் மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லலாம்.

ஓட்டிக் காட்டும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். ஆக்சிலேட்டரை விட்டு மெஷின் சும்மா ஓடும்போது செயின் நகரக் கூடாது. முன்னால் இருக்கிற கைக்காப்பை முன்னே தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும், அதுதான் பிரேக். அப்புறம் பாரின் நுனியை ஒரு அட்டைப்பெட்டிக்கு நேராகப் பிடித்து வேகமாக ஓட்டினால் அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் ஆயில் பம்ப் வேலை செய்யவில்லை.

வாங்க வேண்டிய காகிதங்கள்:

ஜிஎஸ்டி பில். செயின் சாவுக்கு 18 சதவீதம் வரி. "பில் இல்லாம ஆயிரம் ரூபா குறைச்சுத் தர்றேன்" என்பார்கள். பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை. உங்கள் தொழிலுக்கு ஜிஎஸ்டி எண் வைத்திருந்தால் அதைப் பில்லில் போடச் சொல்லுங்கள், உள்ளீட்டு வரி எடுக்க அது வேண்டும்.

பில்லில் மாடலும் சீரியல் நம்பரும். மெஷினில் குத்தியிருக்கிற நம்பரோடு ஒத்துப் பாருங்கள்.

கடை முத்திரையும் தேதியும் போட்ட வாரண்டி அட்டை. வியாபார உபயோகத்துக்கு வாரண்டிக் காலம் குறைவாக இருக்கலாம், அது பொடி எழுத்தில் இருக்கும். பார், செயின், ஸ்பார்க் பிளக், ஃபில்டர் தேய்மானப் பொருள், அவை வாரண்டியில் வராது.

உதிரிபாகப் பட்டியல் உள்ள கையேடு. மலிவு மெஷின் வாங்கினாலும் இது இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "சர்வீஸ் எங்கே, கார்புரேட்டர் கிட், கிளட்ச், ஸ்டார்ட்டர் கயிறு இருப்பில் இருக்கா?" எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் ஏறிய கடை ஒன்றில் சர்வீஸ் சென்டர் என்று கொடுத்த நம்பர், அதே கடையின் இன்னொரு நம்பர். உதிரிபாகம் கிடைக்காத 58ஐவிட, கிடைக்கிற 45 மேல்.

ஆரஞ்சும் வெள்ளையும் அடித்து, மாடல் எண்ணையும் ஒரே மாதிரி போட்டுப் பெரிய கம்பெனி போலத் தோற்றம் காட்டுகிற மெஷின்கள் நிறைய. அங்கீகரிக்கப்பட்ட டீலரா என்பதைக் கம்பெனியின் வலைத்தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

பழைய மெஷின் வாங்குவதானால் முதல் பில்லைக் கேளுங்கள். இன்ஜினை அணைத்த நிலையில் ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினை மெல்லத் தொங்கவிடுங்கள். விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இருக்கிறது, சரசரவென்று இறங்கிவிட்டால் இல்லை. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகச் சிராய்ப்பு தெரிந்தால் விலை பேசவே வேண்டாம்.

8. மொத்தம் எவ்வளவு ஆகும்

விலை கடைக்குக் கடை மாறும், இவை தோராயம்தான். பெயர் தெரியாத 52, 58 மெஷின்கள் ஐந்தாயிரத்துச் சொச்சத்திலிருந்து பத்தாயிரத்துக்குள். நல்ல கம்பெனியின் 30 சிசி வகை இருபதாயிரத்தை ஒட்டி. 45 சிசி முப்பதாயிரத்தை ஒட்டி. 70 சிசி வகை ஐம்பதாயிரத்தைத் தாண்டும்.

இதோடு பட்ஜெட் முடியவில்லை. இரண்டாவது செயின், உருண்டை அரம், பெட்ரோலில் கலக்கிற 2டி ஆயில், பாருக்கு ஊற்றுகிற செயின் ஆயில், உலோக பெட்ரோல் கேன் எல்லாம் சேர்ந்து மூவாயிரம், நாலாயிரம் ஆகிவிடும். முகத்திரை உள்ள ஹெல்மெட், காதடைப்பான், கையுறை, முன்பக்கம் கெட்டியான பூட்ஸ் தனி. காலுக்கு, வெட்டுத் தாங்கும் பேண்ட் என்று ஒன்று இருக்கிறது. அதன் உள்ளே இருக்கிற நார் செயினில் சுற்றி நிறுத்திவிடும். விலை அதிகம்தான். ஆனால் 58 சிசி வாங்க வைத்திருக்கிற ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் இதற்குப் பணம் வந்துவிடும். லுங்கியும் செருப்புமாக நின்று அறுக்கிற ஆட்களை நம் பக்கம் தினமும் பார்க்கிறோம், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அன்றைய தினம் வரைக்கும்தான்.

9. பெட்ரோலும் ஆயிலும்

மெஷின் கெட்டுப்போவதில் பாதி இங்கேதான் நடக்கிறது. வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் சில நிமிஷத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கையேட்டில் 50:1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 25:1 என்றால் 40 மில்லி. மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் கண்ணளவு வேலையே இல்லை. கேனில் பாதி பெட்ரோல், பிறகு ஆயில், பிறகு மீதிப் பெட்ரோல், மூடிக் குலுக்குங்கள். மெஷின் டேங்க்கில் தனித்தனியாக ஊற்றிக் கலக்கக் கூடாது.

எந்த 2டி ஆயில்? பாட்டிலில் ஜாசோ எஃப்டி (JASO FD) என்ற தரக் குறியீடு இருந்தால் நல்லது. கம்பெனியின் சொந்த ஆயில் அல்லாததைப் போட்டால் 50:1 செல்லுமா என்று கையேட்டில் பாருங்கள், சில கம்பெனிகள் 25:1 என்று சொல்லியிருக்கும். நம் பகுதிக்கே உரிய பொறி ஒன்று: காசிமேட்டில் போட் இன்ஜினுக்கு ஊற்றுகிற 2டி ஆயில் எங்கேயும் கிடைக்கும், வீட்டிலேயே இருக்கும். டிசி-டபிள்யூ3 என்று எழுதியிருக்கும். அது தண்ணீரால் குளிர்கிற இன்ஜினுக்கானது. செயின் சா காற்றால் குளிர்வது, அதைவிடச் சூடாக ஓடும். அந்த ஆயிலை இதில் ஊற்றாதீர்கள்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடலோரக் காற்றில் சொல்லவே வேண்டாம். கார்புரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் டயாஃப்ரமையும் கெடுக்கும். அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவுக்குமேல் கலக்காதீர்கள். மாதக் கணக்கில் வைத்த கலவையை மெஷினில் ஊற்றவே வேண்டாம்.

பிளாஸ்டிக் பாட்டிலில் பங்க்காரர்கள் போட மாட்டார்கள். மூடி இறுகுகிற உலோகக் கேன் கொண்டுபோங்கள். டேங்க்கில் பெட்ரோலோடு மெஷினை மின்சார ரயிலில் ஏற்றாதீர்கள், எரிபொருள் கொண்டுபோவது ரயிலில் குற்றம். கும்மிடிப்பூண்டி லைனில் வீடு என்றால் டேங்க்கை வடித்துவிட்டு எடுத்துவாருங்கள், இல்லாவிட்டால் ஆட்டோதான்.

பாருக்கு ஊற்றுகிற ஆயில் வேறு. பழைய இன்ஜின் ஆயிலை வடித்து அதில் ஊற்றுகிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதில் இரும்புப் பொடி இருக்கும், பம்ப்பையும் பாரையும் அரிக்கும். அதைவிட, அந்த ஆயில் முழுக்க விறகின்மேல்தான் தெறிக்கிறது. அதே விறகில்தான் சோறு வேகிறது. செயின் ஆயில் வாங்க முடியாத அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள். பெட்ரோல் ஊற்றுகிற ஒவ்வொரு முறையும் இந்த டேங்க்கையும் நிரப்புங்கள்.

10. முதல் நாள்

மெஷினைத் தரையில் வைத்து, பிரேக்கைப் போட்டு, பின் கைப்பிடிக்குள் வலது பாதத்தை நுழைத்து அழுத்திக்கொண்டு கயிற்றை இழுங்கள். அந்தரத்தில் தூக்கிப் பிடித்து இழுப்பது சினிமாவுக்குச் சரி. இழுக்கும்போது முதலில் சோக் போட்டு, ஒருமுறை இருமிவிட்டு அணைந்ததும் சோக்கைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். இருமிய பிறகும் முழு சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் பிளக் நனைந்துவிடும், "புது மெஷின் ஸ்டார்ட் ஆகலை" என்று கடைக்குத் திரும்ப வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கதை இதுதான் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

முதல் சில டேங்க் வரைக்கும் மரத்தில் வைக்காமல் சும்மா முழு வேகத்தில் முறுக்காதீர்கள்.

செயின் பாரின் அடியில் தொங்கக் கூடாது. நடுவில் பிடித்து இழுத்து விட்டால் டக்கென்று திரும்ப ஒட்டிக்கொள்ள வேண்டும், கையால் தள்ளினால் சுற்றவும் வேண்டும். புதுச் செயின் முதல் மணி நேரத்திலேயே நீளும், நடுவில் நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள். வேலை முடிந்து சூடு ஆறும்போது செயின் சுருங்கும் என்பதால் கொஞ்சம் தளர்த்தி வைக்க வேண்டும்.

பாரின் நுனியில் மேல் பாதி எதன்மேலும் படக் கூடாது. பட்டால் மெஷின் அப்படியே உங்கள் முகத்தை நோக்கி மேலே எகிறும். கிக்பேக் என்பது இதுதான். சவுக்குக் குவியலின்மேல் வைத்து அறுக்கும்போது பின்னால் இருக்கிற கட்டை கண்ணுக்குத் தெரியாது, நுனி அதில் போய் இடிக்கும். அதனால் குவியலில் அறுக்காதீர்கள். எக்ஸ் வடிவத்தில் இரண்டு ஜோடிக் கட்டையை அடித்து ஒரு தாங்கி செய்து, அதில் ஒவ்வொன்றாக வைத்து அறுங்கள். தச்சர் கூலி கொஞ்சம்தான் ஆகும்.

மூடிய ஷெட்டுக்குள் பெட்ரோல் மெஷினை ஓட்டவே கூடாது. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

11. அரம் போடக் கற்றுக்கொள்ளுங்கள்

பலம் இல்லை, பெரிய சிசிக்கு மாறலாமா என்று தோன்றும்போது முதலில் மரத்தூளைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூர். மாவு மாதிரி விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினோடு 72 சிசியும் தடுமாறும், கூரான செயினோடு 45 சிசி வெண்ணெயாக இறங்கும்.

கடலோரச் சவுக்கின் பட்டையில் மணல் ஒட்டியிருக்கும். அது செயினுக்கு எமன். துடைப்பத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அறுத்தாலே பாதி கூர் மிஞ்சும். கட்டைக்கடியில் தரையைத் தொட்டுவிட்டால் ஒரு நொடியில் எல்லாப் பல்லும் போச்சு. பச்சை மரம் அறுக்கச் சுலபம், காய்ந்தால் கடினம். ஆகவே பச்சையாக வந்த உடனே துண்டு போட்டுவிட்டு, துண்டாகக் காயவிடுங்கள். துண்டு சீக்கிரம் காயும், அடுப்பில் புகையும் குறையும்.

0.325 பிட்சுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம். பல்லின் மேல்தட்டில் 30 டிகிரிக்குக் கோடு போட்டிருக்கும், அதற்கு இணையாகப் பிடித்து, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று நான்கு தள்ளல், எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கப் பற்களை அதிகம் ராவினால் அறுப்பு ஒரு பக்கமாகக் கோணிப் போகும். எங்கள் கூடத்தில் ஒரு டேங்க் முடிந்ததும் ஒரு சுற்று அரம் என்று வைத்திருக்கிறோம்.

12. அனுமதியும் அக்கம்பக்கமும்

தொட்டியில் வாங்கிய விறகை உங்கள் இடத்தில் துண்டு போடுவது வேறு, நிற்கிற மரத்தைத் தொடுவது வேறு. சாலையோர மரம், பூங்கா மரம், அரசு நிலத்து மரம் எதையும் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. கிளை வீட்டின்மேல் சாய்ந்திருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லுங்கள். புயலில் தெருவில் விழுந்த மரமும் உங்களுடையது ஆகிவிடாது. அதில் மின்கம்பி சிக்கியிருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். சந்தன மரம், ஈட்டி மரம் என்றால் வம்பே வேண்டாம்.

குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 45 டெசிபல் என்று ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. இந்த மெஷின் காதருகில் நூறைத் தாண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை எடுக்கவே வேண்டாம். மற்ற நேரத்திலும் பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தால் சண்டை வராது. நாங்கள் பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் முடித்துவிடுகிறோம்.

13. எப்போது வாங்குவது, எப்படி வைப்பது

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாங்கப் போகாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் ஒப்பந்தக்காரர்கள் எல்லாரும் கடையில் நிற்பார்கள், பேரம் நடக்காது, சர்வீஸுக்குக் கொடுத்த மெஷினும் சீக்கிரம் திரும்பாது. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை நிதானமாகப் பார்த்து வாங்கலாம். சர்வீஸையும் ஆகஸ்ட், செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டமாட்டீர்கள் என்றால் டேங்க்கை வடித்துவிட்டு, ஸ்டார்ட் பண்ணித் தானாக அணையும்வரை விடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் பண்ணுங்கள், பாரைக் கழற்றிப் பள்ளத்தில் அடைத்த தூளைச் சுரண்டி, மேல்கீழாகத் திருப்பி மாட்டுங்கள், அப்போதுதான் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். திருவொற்றியூர், எண்ணூர் மாதிரி கடலை ஒட்டிய இடத்தில் செயினைக் கழற்றி ஒரு டப்பாவில் செயின் ஆயிலில் ஊறப்போட்டு வையுங்கள். வெறுமனே ஆணியில் மாட்டினால் உப்புக் காற்றுக்கு நாலே நாளில் சிவந்துவிடும்.